சினை நாயும் சங்கிலி பிடித்தவரும்

எங்கள் ராசிபுரத்தில் நாய் வளர்ப்பவர்களைச் சினை என்ற ஒரு விஷயத்தைக் கொண்டே இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடலாம். வயிற்றில் குட்டி தங்கிவிட்டதென்று தெரிந்த அன்றே நாயை மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போட்டு, அது எழுந்து நின்றாலும் பதறி, புரண்டு படுத்தாலும் பதறி, வேளைக்கு இரண்டு முட்டையும் பால்சோறுமாக ஊட்டி, குட்டி போடும் நாள்வரைக்கும் அதன் கால் வாசற்படியைத் தாண்டாமல் காவல் காப்பவர்கள் ஒரு கட்சி. அக்காலத்துப் பெண்கள் ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புவலி கண்டு அரைமணிக்குள் பெற்றெடுத்த கதைகளையெல்லாம் ஆதாரமாகக் காட்டி, நாய்க்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டு, டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் ஏறிச் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் அதை ஓடவிடுகிறவர்கள் மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாருக்கும் டீக்கடையில் நடக்கும் வாதத்தில் மத்தியஸ்தம் செய்ய எனக்குத் தைரியமில்லை. எனினும் எங்கள் வீட்டுச் செவலை நாயோடு நடந்த அனுபவமும், கால்நடை வைத்தியர்களிடம் கேட்டறிந்ததும், படித்ததும் சேர்ந்து எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருப்பதால், அதைச் சற்று விஸ்தாரமாகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

கட்டிப்போடுகிறவரும் ஓடவிடுகிறவரும் ஒரு விஷயத்தில் பூரண ஒற்றுமை உடையவர்கள்: இருவருமே அந்தப் பிராணியின் சம்மதத்தைக் கேட்பதில்லை. தெருவில் திரியும் சினை நாயைப் பாருங்கள். கடைசி நாள்வரைக்கும் அது நடக்கிறது, சில சமயம் ஓடவும் செய்கிறது. ஆனால் வெயில் ஏறினால் சாக்கடைப் பாலத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மூச்சு வாங்கினால் நின்றுவிடுகிறது. இன்னொரு நாய் சீறிக்கொண்டு வந்தால் வேறு சந்தில் புகுந்துவிடுகிறது. அதற்கு வேண்டிய தேகப்பயிற்சியின் அளவை அதன் சரீரமே நிர்ணயிக்கிறது. வீட்டு நாய்க்கு இந்தச் சுதந்திரம் இல்லை. எப்போது புறப்படுவது, எந்தப் பாதையில் போவது, எங்கே திரும்புவது என்ற சகலத்தையும் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் தீர்மானிக்கிறார். சினைக்காலத்து நடையில் உள்ள ஆபத்தில் பெரும்பகுதி தூரத்தால் வருவதைவிட இந்த நிர்ப்பந்தத்தால்தான் வருகிறது என்பது என் துணிபு.

நடையே வேண்டாம் என்ற முதற்கட்சியாரின் வாதம் ஏன் நிற்காது என்பதை முதலில் பார்க்கலாம். குட்டிகளை வெளியே தள்ளுவது கருப்பையும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து பல மணி நேரம் செய்யவேண்டிய கடும் உழைப்பு. இரண்டு மாதம் அசையாமல் கிடந்து, தசை தளர்ந்து, மேலே கொழுப்பு ஏறிய நாய்க்கு அந்த உழைப்பின் நடுவே கருப்பை சோர்ந்துபோவதும், பிரசவம் தடைப்படுவதும், அறுவைச் சிகிச்சை அவசியமாவதும் அதிகம் என்று வைத்தியர்கள் ஒரேமுகமாகச் சொல்கிறார்கள். இதில் எங்கள் ஜில்லாவுக்கென்று ஒரு தனிச் சங்கடம் வேறு உண்டு. நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு, உடைந்த முட்டையும் ஓடு மெலிந்த முட்டையும் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதால், சினை நாய்க்குச் செய்யும் உபசாரமெல்லாம் முட்டையாகவே முடிகிறது. அவித்த முட்டை நல்ல ஆகாரந்தான். ஆனால் குட்டிகள் வயிற்றில் வேகமாகப் பருப்பது கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில், அதாவது ஏறக்குறைய ஆறாம் வாரத்துக்கு மேல்தான் என்பதால், அதற்கு முன் ஆகாரத்தைக் கூட்டவேண்டிய அவசியமே இல்லை. முதல் மாதத்தில் ஊட்டிய அதிகப்படி எல்லாம் தாயின் விலாவிலேதான் தங்கும்.

கால்சியம் டானிக்கையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் எழுதிக்கொடுக்காமல் மருந்துக்கடையில் வாங்கிச் சினைக்காலம் முழுவதும் அதை ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. வெளியிலிருந்து தாராளமாகச் சுண்ணாம்புச் சத்து வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துத் தரும் சுரப்பி தன் வேலையை மந்தப்படுத்திக்கொள்கிறது. பிறகு பால் சுரக்கும் காலத்தில் திடீரென்று தேவை அதிகரிக்கும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாமல், நடுக்கமும் இழுப்பும் கண்டு தாய் உயிருக்கு மன்றாடும் ஸ்திதி ஏற்படுகிறது. நல்லது செய்வதாக நினைத்து ஊற்றுவது இவ்விதம் தீங்காக முடியலாம்.

இனி இரண்டாம் கட்சியாருக்கு. சினை நாயின் தேகம் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே மாறத் தொடங்கிவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரித்து, சிவப்பணுக்களின் பங்கு படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து, சாதாரண நாளில் நூற்றுக்கு 40-க்கு மேல் இருப்பது பிரசவத்தை நெருங்கும்போது 35-க்கும் கீழே இறங்கிவிடும். இது நோயன்று, இயல்பு. ஆனால் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்திருக்கும்போது இருதயம் கூடுதலாக அடிக்கவேண்டியிருக்கிறது. அதனுடன் கூட, பருத்த கருப்பை வயிற்றை நிறைத்து உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் முழுதும் விரிய இடம் போதாமற்போகிறது. இடுப்பெலும்பைச் சுற்றிய தசைநார்கள் பிரசவத்துக்காக நெகிழ்ந்துகொடுப்பதால் குதிப்பதும் சட்டென்று திரும்புவதும் மூட்டுகளுக்கு ஆகாது. இத்தனையும் சேர்ந்த ஒரு பிராணியை மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டியோடு ஓடச்சொல்லுகிறவர், அது ஓடிக்காட்டுவதையே அதன் சௌக்கியத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார். சங்கிலி கழுத்தை இழுக்கும்போது நாய் ஓடாமல் வேறென்ன செய்யும்?

இந்த ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சுமந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணுக்கு, அந்த முதலெழுத்து ராசிபுரந்தான், கண்ணில்லாத பிச்சைக்காரன் ஒருவனிடம் கட்டுண்டு நாளெல்லாம் நடந்து தேயும் ஒரு தெருநாயைப் பற்றி ‘தி ப்ளைண்ட் டாக்’ என்ற கதை உண்டு. 1947-இல் வந்த அவருடைய தொகுதியில் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையில் இருக்கும் ஜீவன் நின்று மூச்சுவிடும் உரிமையை இழந்துவிடும் விதத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டிய எழுத்தை நான் படித்ததில்லை. அந்தக் கதைக்கும் சினைக்கும் சம்பந்தமில்லை, சங்கிலிக்குச் சம்பந்தமுண்டு.

என் அபிப்பிராயத்தைப் புத்தகங்களைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் ஒரு விவசாயி. முத்துக்காளிப்பட்டிப் பக்கம் மண்தடத்தில் செவலையோடு போய்க்கொண்டிருந்தபோது, வரப்பில் நின்ற அவர் நாயின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க தம்பி, சினையா இருக்கறதை இந்நேரத்துல இழுத்துக்கிட்டுத் திரியறீங்களே, கலைஞ்சு கிலைஞ்சு போயிறாதுங்களா?”

“இழுக்கறதில்லீங்கய்யா. அது நின்னா நானும் நின்னுக்கறனுங்க.”

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். “அதுஞ் செரிதானுங்க. எங்க மாடு கன்னு போட்ட அன்னைக்குக் காலைல வரைக்கும் மேய்ச்சலுக்குப் போய்ட்டுத்தான் வந்துது. மேயற மாட்டை யாருங்க தொரத்தறாங்க? அது நின்ன எடத்துல நாமளும் நின்னுக்கறதுதான்.”

மேய்ச்சல்காரர் மாட்டுக்குச் செய்யும் மரியாதையை நாய்க்கும் செய்வதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது: சங்கிலியின் தொய்வு. நாய் தானாக நடக்கும்போது சங்கிலி நடுவில் தொய்ந்து தொங்கும். அது பின்தங்கியதால் விறைத்தால், அந்தக் கணத்திலேயே நின்று, அது படுக்கவோ மோந்துபார்க்கவோ அவகாசம் கொடுத்து, பிறகும் மனமில்லையென்றால் வீடு திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்று தட்டிக்கொடுத்து அழைத்துப் போவது சினைக்காலத்தில் அன்பாகாது. கழுத்துப்பட்டையைக் காட்டிலும் மார்போடு அணிவிக்கும் வார் நல்லது. ஆனால் வயிற்றைச் சுற்றி இறுகும் வாரை ஐந்தாம் வாரத்தோடு மாற்றிவிடவேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் சொன்னது அரைகுறையாகிவிடும். நிற்க விரும்பும் நாயின் விருப்பத்துக்குக் கட்டுப்படலாம். ஓட விரும்பும் நாயின் விருப்பத்துக்குக் கட்டுப்படக்கூடாது. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையத்தையும், சிப்பிப்பாறை, கன்னி முதலிய ஜாதிகளையும் இப்போது எங்கள் பக்கத்திலும் பலர் ஆசையாக வளர்க்கிறார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நிலக்கடலைக் காட்டில் ஒரு முயல் அசைந்தால், வயிற்றில் எட்டுக் குட்டி இருப்பதை அவற்றின் கால்கள் அறியமாட்டா. லாப்ரடாருக்குப் பந்து எறிந்துகொண்டே இருந்தால் அது மயங்கி விழும்வரை எடுத்துவரும். 2003-ஆம் வருஷத்து ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு ஊரூராகப் பரவிய பக் நாயோ, சப்பை மூக்கின் காரணமாகச் சும்மா இருக்கும்போதே மூச்சுக்குத் திணறுவது. சினையாகிவிட்டால் அதற்கு வீட்டைச் சுற்றி நிழலில் சில நிமிஷம் நடப்பதே மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாரக்கணக்கைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாள். இணை சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 58-க்கும் 68-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். ஆகவே இணை சேர்ந்த நாளை அன்றைக்கே தினசரி காலண்டரில் குறித்துவைப்பது உத்தமம். முதல் மூன்று வாரங்களில், கருக்கள் கருப்பையில் பற்றிக்கொள்ளும்வரை, நாய் அதுவரை பழகியிருந்த நடையைக் குறைக்க வேண்டியதில்லை; அதே சமயம் புதிதாக எந்த ஓட்டத்தையும் தாண்டலையும் ஆரம்பிக்கவும் கூடாது. வருஷமெல்லாம் கட்டிக்கிடந்த நாயைச் சினையானதும் திடீரென்று மூன்று கிலோமீட்டர் நடத்துவது, தினமும் நடந்த நாயைக் கட்டிப்போடுவதைப் போலவே பிசகு. நான்காம் வாரத்தில் சில நாய்கள் ஆகாரத்தில் சலிப்புக் காட்டிச் சோம்பிக் கிடக்கும். அந்நாட்களில் அவற்றை வற்புறுத்தலாகாது. 25-ஆம் நாளுக்கு மேல் ஸ்கேன் பார்த்தால் சினை தெரியும். 55-ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரேயில் எலும்புக்கூடுகளை எண்ணிக் குட்டிகளின் தொகையை ஏறக்குறைய நிச்சயிக்கலாம். நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எங்கள் பகுதியின் பாக்கியம். உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் தீராததை அங்கே கொண்டுபோகலாம் என்ற தெம்பு எங்களுக்கு உண்டு.

ஆறாம் வாரத்திலிருந்து நீண்ட நடையைத் துண்டாக்கவேண்டும்: ஒரு மணி நேரமாக நடந்தது இருபது நிமிஷமாக இரண்டு வேளை, பிறகு பத்து நிமிஷமாக மூன்று வேளை. இந்தக் கட்டத்தில் தூரத்தைவிட முக்கியமானது பாதையின் வடிவம். நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டால், அங்கே நாய் படுத்துக்கொண்டாலும் அந்த ஒரு கிலோமீட்டரை அது திரும்பி நடந்தே தீரவேண்டும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள சினை நாயை, அதுவும் வயிற்றை அழுத்தாமல், யாரால் தூக்கிவர முடியும்? ஆகையால் வீட்டையே மையமாக வைத்துத் தெருவையும் அடுத்த தெருவையும் சிறு சிறு வட்டமாகச் சுற்றுவதென்று நான் வைத்துக்கொண்டேன். எந்த இடத்தில் அது போதுமென்றாலும் வீடு இரண்டு நிமிஷத் தொலைவில் இருக்கும். பலகாலம் நாய் வளர்ப்பவர்களுக்குங்கூட இந்த யோசனை தோன்றுவதில்லை; உலாவென்றால் ஊர் எல்லைவரை போய்வருவதென்றே நமக்கு ஒரு நினைப்பு.

தூரத்தையெல்லாம் விட எங்கள் சமவெளியில் பெரிய பகை உஷ்ணம். மழைக்காலத்தில் இணை சேர்ந்து பனிக்காலத்தில் குட்டி போடும் வழக்கமுள்ள தெருநாய்களுக்கு இந்தக் கவலை குறைவு. வீட்டு நாய்கள் ஆறேழு மாதத்துக்கொரு முறை எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வருகின்றன. பிப்ரவரி 15-ஆம் தேதி இணை சேர்ந்த நாய் ஏப்ரல் 19-ஐ ஒட்டிக் குட்டி போடும். அதாவது அதன் மிகக் கனமான வாரங்கள் பங்குனியின் கடைசியும் சித்திரையின் தொடக்கமுமாக, சேலம் சீமை 38, 39 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும்போது வந்து சேர்கின்றன. திட்டமிட்டு இணை சேர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்து அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவது மேலானது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வேர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே பெரும்பாலும் அது சூட்டை வெளியேற்றுகிறது. கருப்பையால் நுரையீரல் நெருக்கப்பட்ட நாய்க்கு அந்த ஒரே வாசலும் பாதி சாத்தப்பட்டிருக்கிறது. தாயின் உடற்சூடு ஏறினால் வயிற்றிலிருக்கும் குட்டிகளுக்கும் அந்தச் சூடுதான். அவை போய் நிற்க வேறு நிழலில்லை.

எனவே கோடையில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, வெயில் முகத்தில் அடிப்பதற்குள் திரும்பிவிடுவதே வழி. மாலை நடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டதென்று நமக்குத் தோன்றினாலும், நாளெல்லாம் குடித்த சூட்டைத் தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். நம் செருப்புக்குத் தெரியாத அந்தச் சூடு நாயின் பாதத்துக்கு மட்டுமல்ல, தரையை ஒட்டித் தொங்கும் அதன் மடிக்கும் வயிற்றுக்கும் தெரியும். புறங்கையைத் தரையில் ஏழெட்டு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தாதீர்கள். நடை நின்ற பிறகும் மூச்சிரைப்பு அடங்காமலிருப்பது, நாக்கு அகன்று தொங்குவது, ஈறு செங்கல் நிறமாகச் சிவப்பது, எச்சில் கெட்டியாக வடிவது, கால் தள்ளாடுவது ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும், நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறி, தாமதமின்றி வைத்தியரிடம் எடுத்துச்செல்லவேண்டும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் எங்கள் ஊருக்கென்று சில ஜாக்கிரதைகள் உண்டு. ராசிபுரத்தைச் சுற்றி மரவள்ளியும் சேகோ ஆலைகளும் ஏராளம். கிழங்கின் தோலிலும் இலையிலும் சயனைடு விஷத்தைத் தரும் சத்து இருப்பதை மாடு வளர்ப்பவர்கள் நன்கு அறிவர். ஆலைக் கழிவுநீர் தேங்கிய குட்டையிலும், திப்பி காயும் களத்திலும் சினை நாயை வாய்வைக்க விடலாகாது. புளித்த திப்பியின் வாசனை எந்த நாயையும் சுண்டியிழுக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவன் சொல்கிறேன். தேங்கிய தண்ணீர் எதுவாயினும் அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். சினையைக் கலைத்துவிடும் கிருமி அது. அறுவடை முடிந்த சோளக்காட்டின் கட்டைகளும் நெருஞ்சியும் கனத்துத் தொங்கும் காம்புகளைக் கீறிவிடும். நாளைக்குப் பால் குடிக்கப்போகும் குட்டிகளுக்கு அந்தக் காம்புகள்தாம் கதி. உண்ணி ஏறினால் கையால் எடுத்துவிட்டு வைத்தியரைக் கேட்பதே சரி. வழக்கமான உண்ணி மருந்துகளில் சில சினைக்கு ஆகாதவை.

விவசாயக் கிணற்றில் நாயை நீந்தவிடுவது எங்கள் பக்கத்துப் பழைய பொழுதுபோக்கு. நீச்சல் மூட்டுக்கு இதமான பயிற்சிதான்; ஆனால் கிணற்று நீச்சலென்றால் மேலிருந்து குதிப்பதும், நழுவும் கற்படியில் ஏறுவதும் சேர்ந்தது. சினைப்பட்ட நாளிலிருந்தே அதை நிறுத்திவிடுங்கள்.

கடைசி மூன்று வாரத்தில் மற்ற நாய்களின் சகவாசமே வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வது பலருக்கு மிகையாகப் படுகிறது. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. வளர்ந்த நாய்க்குச் சாதாரண ஜலதோஷம்போல் வந்துபோகும் ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ், பிறந்த குட்டிகளைக் கூட்டத்தோடு கொன்றுவிடக்கூடியது. குறைந்த உடற்சூட்டில் செழிப்பது அதன் சுபாவம். பிறந்த குட்டிக்கோ தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி முதல் வாரங்களில் இல்லை. பிரசவத்துக்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் தாய் இந்தத் தொற்றைப் பெறாமலிருந்தால் குட்டிகள் தப்பும். நாமோ உலாவின்போது எதிர்ப்படும் ஒவ்வொரு நாயோடும் மூக்கோடு மூக்கு வைக்கவிட்டு, ‘பழகிக்கொள்ளட்டும்’ என்று நிற்கிறோம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருப்பது. தாயின் வழியே அது வீட்டுக்குள் வரலாம். தடுப்பூசிகளையெல்லாம் இணை சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிட்டால், அதன் பாதுகாப்புச் சீம்பாலின் மூலம் குட்டிகளுக்கும் போய்ச் சேரும்.

எட்டாம் வாரத்துக்கு மேல் நடையென்பது மலஜலம் கழிக்க முற்றத்தில் செய்யும் சிறு உலாவாகச் சுருங்கிவிடும். கருப்பை மூத்திரப்பையை அழுத்துவதால் அடிக்கடி வெளியே போகக் கேட்கும். இரவில் எழுப்பினாலும் அலுத்துக்கொள்ளாமல் அழைத்துப் போகவேண்டும். 57-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சாதாரணமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருப்பது 99-க்குக் கீழே சட்டென்று இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி போடும். அதற்குப் பிறகு சங்கிலியில்லாமல் வெளியே விடவே கூடாது. குட்டி போட மறைவான இடம் தேடிப் போகும் நாய், அரைமணிக்குள் யாரோ ஒருவருடைய வைக்கோற்போருக்கு அடியில் புகுந்துவிடும்.

பிரசவம் தொடங்கிய பிறகும் நடைக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் தாய் அமைதியாகப் படுத்துவிட்டால், மூத்திரம் கழிப்பதற்காக முற்றத்தில் ஒரு சுற்று மெதுவாக அழைத்துவருவது சில சமயம் அடுத்த வலியைத் தூண்டும். இருட்டாயிருந்தால் டார்ச் விளக்கும் துண்டும் கையில் இருக்கவேண்டும், ஏனென்றால் அந்த ஒரு சுற்றிலேயே குட்டி நழுவி மண்ணில் விழுந்துவிடக்கூடும். ஆனால் அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, உள்ளே குட்டியிருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, முதற்குட்டி வருவதற்கு முன்பே பச்சை நிறத்தில் கசிவு கண்டாலோ, நடத்திப்பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது, வண்டியை அழைக்கவேண்டியதுதான். ‘இன்னும் நாலு சுற்று நடத்து, தானாக வந்துவிடும்’ என்று தெருவில் கூடும் அனுபவசாலிகள் சொல்லும் யோசனை எத்தனையோ குட்டிகளின் உயிரைக் குடித்திருக்கிறது.

குட்டி போட்ட பிறகு முதல் பத்துப் பதினைந்து நாளுக்குத் தாயை நடைக்கு அழைப்பதே வீண். வாசல்வரை வந்து வேலையை முடித்துக்கொண்டு அது ஓடிப்போய்ப் பெட்டிக்குள் புகுந்துகொண்டு பால் புகட்டும். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் கண் திறந்து தள்ளாடத் தொடங்கியதும், அவற்றின் நகமும் பல்லும் பட்டு அலுத்த தாய் தானே வாசலில் வந்து நிற்கும். அப்போது பத்து நிமிஷம் போதும். மடி கனத்திருப்பதால் ஓட்டம் இன்னும் ஆகாது. திரும்பி வந்ததும் குட்டிகளிடம் போவதற்கு முன் காம்புகளை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இந்த வாரங்களில் நடை விறைத்தாற்போலத் தோன்றினாலோ, உடம்பு நடுங்கினாலோ, இருப்புக்கொள்ளாமல் மூச்சிரைத்தாலோ களைப்பென்று விட்டுவிடாதீர்கள். முன்னே சொன்ன சுண்ணாம்புச் சத்துக் குறைவு பெரும்பாலும் இப்போதுதான் தலைகாட்டும். சிறு ஜாதி நாய்களுக்கு அது இன்னும் அதிகம். குட்டிகளை மடியிலிருந்து பிரித்துவைத்துவிட்டுத் தாயை அந்த மணியிலேயே வைத்தியரிடம் கொண்டுபோனால், ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நடுக்கம் நின்றுவிடும். அடுத்த நாளைக்கென்று தள்ளிப்போட அதில் இடமில்லை.